வருகையின் நோக்கம்

"எரிமலை வேண்டாம் தம்பி. அதை விட்டுட்டு மத்ததைச் சொல்லு."

தனக்குத்தான் காதில் சரியாக விழவில்லையோ என்று அய்ராமுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. லா பால்மா தீவின் எரிமலைப் பூங்காவில் வழிகாட்டியாகச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அதற்குள் எத்தனையோ விதமான ஆட்களைப் பார்த்துவிட்டான். எரிமலைப் பூங்காவுக்கு வந்து எரிமலை வேண்டாம் என்று சொன்னவர்கள் இவர்கள்தான்.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற தோமாசாவுக்கு எழுபது வயது இருக்கும். பக்கத்தில் அவர் கணவர் எலாடியோ, தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார்.

"சரிம்மா, குகை இருக்கு. எரிமலைக் குழம்பு ஓடின பாதை, உள்ளே நடந்தே போகலாம்..."

"இருட்டு. வேண்டாம்."

"கந்தகப் பாறை? மஞ்சள் மஞ்சளா, பார்க்க அவ்வளவு அழகு."

"நாறும். வேண்டாம்."

"அப்போ எதுக்கும்மா இங்கே வர்றீங்க?" அடக்கமாகத்தான் கேட்டான்.

எலாடியோ சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். அதில் நீளமாக இரண்டு எண்கள். "எங்க மருமகன் நில அளவைக்காரன். அவன் குறிச்சுக் கொடுத்தது. இந்த இடத்துக்குப் போகணும்."

அய்ராம் எண்களைக் கணினியில் அடித்துப் பார்த்தான். திரை முழுக்கக் கறுப்புப் பாறை. பாதை இல்லை, பலகை இல்லை, ஒரு புல்கூட இல்லை.

"அய்யா, அங்கே ஒண்ணுமே இல்லையே!"

"அதனால என்ன? கூட்டமும் இருக்காது," என்றார் எலாடியோ.

"ஞாயித்துக்கிழமை. சரியா ஒன்றரை மணி," என்றார் தோமாசா. "பன்னிரண்டுன்னாலும் வேண்டாம், மூணுன்னாலும் வேண்டாம்."

"எத்தனை பேர்?"

"ரெண்டு," என்றார் எலாடியோ.

"மூணு," என்றார் தோமாசா. "உனக்கு எப்பவுமே கணக்கு வராது எலாடியோ. அப்புறம் தம்பி, ஒரு பானை கொண்டு வருவேன். மூடி போட்டு, துணி சுத்தி, பத்திரமா மடியிலயே வெச்சுக்கறேன். தடை ஏதும் இல்லையே?"

அய்ராமுக்குத் திக்கென்றது. மூன்றாவது ஆள். மூடிய பானை. ஆளில்லாத இடம்.

சேர்ந்த முதல் நாளே மேற்பார்வையாளர் பினீத்தோ சொல்லியிருந்தார்: "இறந்தவங்க சாம்பலை இங்கே தூவ யாருக்கும் அனுமதி கிடையாது. உன் கண் முன்னாடி அது நடந்தா, உன் வேலை அன்னிக்கே காலி."

"பானைக்குள்ளே என்னம்மா?"

"அது எங்க பாடு."

தனி அனுமதிக்கான படிவத்தை நீட்டினான். எலாடியோ பேனாவை வாங்கிப் பெயர், ஊர் எல்லாம் நிரப்பினார். 'வருகையின் நோக்கம்' என்ற இடத்தில் சற்று யோசித்துவிட்டு, 'ஞாயிற்றுக்கிழமை' என்று எழுதினார்.

இதற்கு எந்தக் காலத்திலும் அனுமதி கிடைக்காது என்ற தைரியத்தில் அய்ராம் படிவத்தை உள்ளே எடுத்துப்போனான். பினீத்தோ பெயரைப் பார்த்தார். ஊரைப் பார்த்தார். மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

"சார், நோக்கத்தைப் படிச்சீங்களா?"

"படிச்சேன். நீயே கூட்டிட்டுப் போ. அவசரப்படுத்தாதே."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலடியில் பாறைகள் கண்ணாடிச் சில்லுபோல் நொறுங்கின. எரிமலை வெடித்துக் குழம்பு ஊர்களை மூடி நாலு வருஷமாகியும் சில விரிசல்களிலிருந்து அனல் மூச்சு வந்துகொண்டிருந்தது. கூடையோடு முன்னால் போன எலாடியோவைத் தோமாசா விடாமல் திட்டிக்கொண்டே வந்தார்.

"ஆடு மாதிரித் தாவாதே! விழுந்து வெச்சா யாரு தூக்கறது?"

"நீ பானையைப் பாரு. அதைப் போட்டு உடைச்சே, அப்புறம் இருக்கு உனக்கு!"

அய்ராமின் கண்ணும் அந்தப் பானைமேல்தான் இருந்தது. மூடியில் தோமாசாவின் கை பட்டதுமே தடுத்துவிட வேண்டும். எப்படித் தடுப்பது? தன் அம்மாவைவிட மூத்தவரிடமிருந்து பானையைப் பிடுங்கவா முடியும்?

எலாடியோ கைப்பேசியைப் பார்த்தபடி இரண்டடி முன்னால் வைத்தார், ஓரடி பக்கவாட்டில் நகர்ந்தார், நின்றார். "இங்கேதான்."

தோமாசா துணி முடிச்சில் கை வைத்தார்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க." அய்ராம் ஓரடி முன்னால் வந்தான். "அதுக்குள்ளே இருக்கறது... யாரு?"

தோமாசா அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரா? முயலு!"

மூடியைத் திறந்தார். பூண்டும் மிளகாயும் ஒயினுமாக மணம் மூக்கைத் துளைத்தது. எலாடியோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சாம்பல்னு நினைச்சிருக்கான் தோமாசா! அதான் வழி முழுக்க மூஞ்சி செத்துக் கிடந்தது!"

அய்ராமும் சிரித்துவிட்டான். மூன்று வாரத்தில் அவன் இப்படிச் சிரித்ததே இல்லை.

தோமாசா பாறைமேல் விரிப்பை விரித்து, தோலோடு உப்பில் வேகவைத்த உருளைக்கிழங்கு, சிவப்பு மிளகாய்த் துவையல், ரொட்டி எல்லாம் எடுத்து வைத்தார். தட்டுகள் மூன்று.

"மூணாவது ஆள் நீதான். உன் பேச்சே சொல்லுது, வேற தீவிலிருந்து வந்து தனியா இருக்கறே. ஞாயித்துக்கிழமை மத்தியானம் எதைச் சாப்பிட்டிருக்கப் போறே? உட்காரு."

அய்ராம் கொஞ்சம் தள்ளி, தட்டையான ஒரு பாறையில் உட்கார்ந்தான்.

"அங்கே வேண்டாம் தம்பி."

"ஏம்மா, சூடா இருக்குமா?"

"அது அடுப்படி," என்றார் தோமாசா, அவன் தட்டில் கறியை அள்ளி வைத்தபடி. "இப்படித் தள்ளி வா. எங்க சாப்பாட்டு மேஜை இதோ, இதுக்கு நேர் கீழேதான் இருக்கு. பதினெட்டு மீட்டர் ஆழத்துல."