எருமைக்கன்றின் அரைச் சிரிப்பு

“கன்னுக்குட்டியைக் கெடுத்துட்டியேம்மா” என்றார் கணேசமூர்த்தி.

தி.நகரில் புடவைக் கடைக்கு மேல்மாடியில் இயங்கிய சிறுவர் பதிப்பகத்துக்கு அவர்தான் ஆசிரியர். அவர் மேஜையில், சிம்ரா வரைந்த எருமைக்கன்று இரண்டு விதமாகக் கிடந்தது.

மார்ச்சில் மின்னஞ்சலில் அனுப்பிய மாதிரிப் படங்களில் அதன் வாய் ஒரு ஓரத்தில் மட்டும் சிரித்தது. தூங்கும்போதும் ஒரு கண் மூடவில்லை.

இன்று அவள் நேரில் கொண்டுவந்த படங்களில் வாய் முழுக்கச் சிரித்தது. இரண்டு கண்ணையும் மூடித் தூங்கியது.

அதுதான் சிக்கல். அந்த அரைச் சிரிப்பைப் பற்றிக் கணேசமூர்த்தி ஏற்கெனவே முன்னுரை எழுதியாயிற்று. ‘சொல்லப்படாத துயரத்தின் கோடு.’ மூடாத கண், ‘அதிகாரத்தை நம்பாத குழந்தைமையின் விழிப்பு.’

அடையாறில் ஒரு கூட்டத்தில் மைக்கை விடாமல் இதையே பேசியும்விட்டார். வந்திருந்த குழந்தைகள் விழிப்போடு சமோசாத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பழைய முகம் திரும்பி வரணும். வரலேன்னா வேற ஆர்டிஸ்ட்தான். தப்பா எடுத்துக்காதே.”

சிம்ராவுக்கு இது முதல் புத்தகம். அட்டையில் மகள் பெயர் வரப்போகிறது என்று அவள் அம்மா பாலவாக்கம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

“இதோ பாரு, இப்படி.” கணேசமூர்த்தி மீசையின் ஒரு பக்கத்தை மட்டும் உயர்த்திக் காட்டினார். துயரம் வரவில்லை. பல்லிடுக்கில் சிக்கிய பாக்கை நாக்கால் தேடுகிறவர் மாதிரி இருந்தது.

“எங்க, நீ பண்ணு.”

சிம்ரா செய்தாள். ஒரு ஓரத்தை உயர்த்தினாள். கூடவே மற்ற ஓரமும் உயர்ந்தது.

மறுபடி முயன்றாள். இரண்டும் சேர்ந்தே வந்தன.

பக்கத்து மேஜையில் பக்கம் வடிவமைத்துக்கொண்டிருந்த அவள் தோழி லாவண்யா, வேலையை விட்டுவிட்டு எழுந்தே நின்றுவிட்டாள்.

“ஏய், இன்னொரு வாட்டி பண்ணுடி!”

பண்ணினாள். லாவண்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கணேசமூர்த்திக்கு ஒன்றும் விளங்கவில்லை. “என்னம்மா, வரலியா?”

“வராது சார்” என்றாள் சிம்ரா, அவ்வளவு சந்தோஷமாக. “எந்த மூஞ்சியா இருந்தாலும் கண்ணாடியில நான் பண்ணிப் பாத்துட்டுதான் வரைவேன். மார்ச்ல எனக்கு ஒரு பக்கம் மூஞ்சி அசையாம நின்னுபோச்சு. கண்ணுகூட மூடல, குடிக்கிற தண்ணி ஓரமா வழியும். கண்ணாடியில அப்போ அதுதான் சார் இருந்துச்சு.”

கணேசமூர்த்தி தன் முன்னுரையை எடுத்து இழுப்பறைக்குள் போட்டார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு சாதனை.

பிறகு புதுப் படங்களை அடுக்கி லாவண்யாவிடம் நீட்டினார். “இதையே அச்சுக்கு அனுப்பு.”

டீ வந்தது. சிம்ரா அவசரமாக ஒரு வாய் குடித்தாள். மோவாயைத் தொட்டுப் பார்த்தாள்.

ஒரு சொட்டுகூட வழியவில்லை.