சைக்கிள் ட்யூப் கட்டு

“போன கோடையில நீங்க கொடுத்த அதே செம்பருத்திதாம்மா. எப்படி வளர்ந்திருக்கு பாருங்க!” என்றான் மகன்.

பணி ஓய்வுக்குப் பிறகு, கோடை வந்தால் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தோட்டத்தை விட்டால் சைக்கிள்தான். ஆளுக்கொன்றில் ஏறிப் பிள்ளைகள் வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவார்கள்.

அம்மாவுக்கு வாயெல்லாம் பல். “நீ காயவிட்டிருப்பேன்னு நினைச்சேன்டா. தினமும் தண்ணி ஊத்தினியா?”

“ஒரு நாள் தவறினதில்லை.”

மருமகள் நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். அப்பா குனிந்து, செடியைக் குச்சியோடு சேர்த்துக் கட்டியிருந்த கறுப்பு ரப்பர் பட்டையைத் தடவிப் பார்த்தார்.

கிளம்பும்போது மகனை ஓரமாக அழைத்தார்.

“கட்டு இறுகியிருக்கு, தளர்த்திவிடு. என் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி நான்தான் கட்டினேன். நர்சரிக்காரர் கேட்டாருன்னு போன வாரம் இந்தச் செடியை அவருக்குக் கொடுக்கறப்ப.”

நேற்று மாலை அதே நர்சரியில் அதை வாங்கிவந்த மகன் தலையைத் தொங்கப்போட்டான்.

“அம்மாகிட்ட சொல்லமாட்டேன்” என்றார் அப்பா.

வாசலில் சைக்கிளோடு நின்ற அம்மா உரக்கச் சொன்னாள்: “நாளைக்கு உன் அக்கா வீட்டுக்குத்தான் போறோம். தம்பியைப் பார்த்துக் கத்துக்கோடின்னு சொல்லப்போறேன்!”