மாப்பிள்ளை பார்த்த அம்பயர்

கிபாயத்துல்லா பந்து போடுவதற்கு முன்பே அவுட் கேட்டான்.

பந்து அவன் கையில்தான் இருந்தது. ஓடி வந்தவன் பாதியில் நின்றான், முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தான், அம்பயரைப் பார்த்து "ஹவ்ஸ்... ஹவ்ஸ்... ஹவ்ஸ் தட்!" என்று அலறினான்.

சிதம்பரத்தின் கடைசி ஆட்டக்காரன் மட்டையை ஊன்றிக்கொண்டு சிரித்தான். கடலூர்க்காரர்களான நாங்கள் சிரிக்கவில்லை.

நான் விக்கெட் கீப்பர். அது இருமல் என்று எனக்குத் தெரியும்.

கடலூரில் அதற்கு டி.பி. என்று பெயர் கிடையாது. மரியாதை தெரிந்த ஊர். 'உடம்புச் சூடு' என்போம். சூடு பிடித்தவனுக்கு டம்ளர் தனி, துண்டு தனி, பாசஞ்சர் ரயிலில் ஒரு பெஞ்சே தனி. பந்து போடுவதில் மட்டும் அப்படி ஒதுக்கிவைக்க மாட்டோம். ஒரு முனை முழுக்க அவனுக்கே.

எங்கள் கேப்டன் கண்ணாயிரம் அவ்வளவு தாராளம். ஊசி போட்ட கையோடு கிபாயத்துல்லா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தாலும், "நாலு ஓவர் ஓடுனா நல்ல காத்து உள்ள போவும்டா" என்று பந்தைத் தூக்கிப் போட்டுவிடுவார். தூக்கித்தான் போடுவார். கையில் கொடுக்க மாட்டார்.

அறுபத்து மூன்றாம் வருஷம் சிதம்பரத்தில் நடந்த அந்த ஆட்டத்துக்கு ஒரு கோப்பை இருந்தது. கிபாயத்துல்லாவுக்கு அது பெரிதில்லை. அவனுக்கு வேண்டியது மலிகா.

ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்கள் இருமலில் போயிருந்தன. இது மூன்றாவது. சிதம்பரத்து ஜவுளிக்கடை லியாக்கத் அலியின் மகள். ஒரு தர்காவின் கந்தூரிக் கூட்டத்தில் அவளைத் தூரத்தில் பார்த்தான். டாக்டர் கெஞ்சியும் மாத்திரையை ஒழுங்காக விழுங்காதவன், மறுநாளிலிருந்து விழுங்க ஆரம்பித்தான்.

மாப்பிள்ளை இருமுகிறார் என்று யாரோ லியாக்கத் அலியின் காதில் போட்டுவிட்டார்கள். அந்தத் தொண்டு செய்ய எங்கள் ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை.

மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் டீயைக் குடித்துவிட்டுச் சம்பளத்தை விசாரித்துவிட்டுப் போவார்கள். லியாக்கத் அலி அந்த ரகம் இல்லை. "பையனை ஒரு நாள் முழுக்கக் கிட்ட நின்னு பாக்குறேன். சரின்னா அன்னிக்கு சாயங்காலமே நாள் குறிச்சிடலாம்" என்று சொல்லியனுப்பினார். சொன்னபடி வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, அம்பயராகவே வந்து நின்றுவிட்டார். அதுவும் கிபாயத்துல்லா பந்து போடுகிற முனையில், மூச்சு மேலே படுகிற தூரத்தில்.

ஆகவே, இருமல் வந்தபோதெல்லாம் கிபாயத்துல்லா அவுட் கேட்டான்.

பந்து காலில் பட்டால் கேட்டான். படாவிட்டாலும் கேட்டான். பவுண்டரிக்குப் போன பந்துக்குக் கேட்டான். அவன் போட்ட கூச்சல் ஒன்றில் ஸ்டேஷனில் நின்ற ரயிலுக்குக் கார்டு கொடி காட்டிவிட்டதாகச் சொல்வார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ரயில் கிளம்பியது உண்மை.

அதிசயம் அதுவல்ல. கேட்டபோதெல்லாம் லியாக்கத் அலி விரலைத் தூக்கினார்.

ஆட்டம் எந்த ஊரில் நடக்கிறதோ, அம்பயர் அந்த ஊர். அந்த ஊரே ஜெயிக்கும். அக்காலத்தில் கிரிக்கெட்டின் முதல் சட்டம் அதுதான். ஐந்து வேளை தொழுகிறவர், துணி அளந்தால் அரை விரற்கடை கூடவே கிழிப்பவர், சொந்த ஊர்க்காரர்களை வரிசையாகக் கூடாரத்துக்கு அனுப்பினார். முகத்தில் ஒரு சலனம் இல்லை.

"இன்னா மாமா, சீர்வரிசைய இப்பவே எறக்க ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே போனான் ஒருவன்.

"மச்சானுக்குக் கட்டிலும் மெத்தையும் இங்கியே போட்ருங்க!" என்றான் அடுத்துப் போனவன்.

"வெயில்ல நிக்காத, போப்பா" என்றார் அவர்.

கண்ணாயிரம் எங்களைக் கூப்பிட்டு, திறமை என்றால் இதுதான் என்று சொன்னார். தன்னுடைய திறமையை.

இப்போது கடைசி ஆள். பந்து இன்னும் கையை விட்டுப் போகவில்லை. அந்தக் கூச்சலுக்கு எந்த ஊர்ச் சட்டத்திலும் இடமில்லை. மைதானமே அம்பயரின் கையைப் பார்த்தது.

கிபாயத்துல்லா வாயைத் துடைத்த கைக்குட்டையை அவசரமாகக் கால்சட்டைப் பைக்குள் திணித்தான். அதன் ஓரம் சிவந்திருந்தது. நான் பார்த்தேன். லியாக்கத் அலியும் பார்த்தார்.

பார்த்துவிட்டு, விரலைத் தூக்கினார்.

ஜெயித்துவிட்டோம். எல்லோரும் ஓடிப்போய்க் கண்ணாயிரத்தைத் தோளில் தூக்கினார்கள். பந்து போட்டவன் புல்லில் உட்கார்ந்திருந்தான். அவன் பக்கம் போனவர் ஒருவர்தான். கோட்டைக் கழற்றி அவன் தோளில் போர்த்திவிட்டு, பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தார். நான் காலில் கட்டிய பேடை அவிழ்ப்பதுபோல் அங்கேயே நின்றேன்.

"மாமா, அது வந்து... வெயிலு ஜாஸ்தி, தொண்டை கட்டிக்கிச்சு..." என்று ஆரம்பித்தான் கிபாயத்துல்லா.

"பேசாத. இன்னும் ஒரு ஓவர் போட்டிருந்தா வுழுந்திருப்பே. அதான் சீக்கிரமா முடிச்சி வுட்டேன்."

கிபாயத்துல்லா தலையைக் குனிந்துகொண்டான். மூன்றாவதும் போயிற்று என்று நானும் நினைத்தேன்.

லியாக்கத் அலி சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"நாள் குறிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடணும் தம்பி. எங்க மலிகா இருமல் வந்தா கொல்லைக்கு ஓடிப்போயி காக்கா வெரட்டுவா. எங்க கொல்லைக்கு காக்கா வந்து ரெண்டு வருசம் ஆவுது."