கண்ணாடிக்கு அடியில் ஒரு முடி

“இது யாரோட முடி சார்?”

போட்டோ கிளப் செயலாளர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கேட்டதும் சர்வேயருக்குக் குப்பென்று வியர்த்தது. ஏரிக்கரைப் படத்தின் குறுக்கே, மேலிருந்து கீழ்வரை, வெள்ளையாக ஒரு கோடு. சந்தேகமே இல்லை, ஒரு பெண்ணின் தலைமுடி விழுந்த தடம்தான்.

“வீட்டுக்காரம்மாவையும் சேர்த்துப் பிரிண்ட் போட்டுட்டாருப்பா!” என்று யாரோ சொல்ல, கிளப்பே கொல்லென்று சிரித்தது. கண்காட்சிக்குப் படம் தேர்ந்தெடுக்கிற நாள் வேறு. ஊர் நிலத்தையெல்லாம் மயிரிழை பிசகாமல் அளந்து பேர் வாங்கிய மனுஷன், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

“அடுத்த வாரம் சுத்தமா ஒண்ணு கொண்டாங்க. இல்லேன்னா இந்த வருஷம் விட்டுடுங்க” என்றார் செயலாளர்.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “உன் முடியால என் மானம் கப்பலேறிடுச்சு! தலையை நல்லா முடிஞ்சுக்கிட்டுக் கிட்ட வான்னு எத்தனை தடவை சொல்றது?”

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். “முடிஞ்சுக்கிட்டுத்தாங்க வந்தேன். அப்படியும் விழுது. மன்னிச்சுக்குங்க.”

“மன்னிச்சா படத்துல இருக்கிற கோடு போயிடுமா?”

படம் பிரிண்ட் போட அவரே செய்த கண்ணாடிச் சட்டத்துக்கு அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமா? நெகட்டிவையும் மருந்து பூசிய காகிதத்தையும் ஒன்றோடு ஒன்று ஒட்ட வைத்து வெளிச்சம் காட்ட வேண்டும். நடுவில் துளி காற்று நின்றாலும் படம் மங்கிப்போகும். காற்றை உறிஞ்சி எடுக்கிற மெஷின் கடையில் விற்கிற விலைக்கு இவர் ஜென்மத்தில் வாங்க முடியாது.

அதனால் சாப்பாட்டு மேஜைக் கண்ணாடியைக் கழற்றினார். மரச்சட்டம் அடித்து, கீல் வைத்து, அடியில் ரப்பர் ஷீட் விரித்து, ஓரமெல்லாம் ஸ்பாஞ்ச் பட்டை ஒட்டினார். மூலையில் ஓட்டை போட்டு, வீட்டு வேக்குவம் கிளீனரின் குழாயைச் சொருகினார்.

“மேஜையும் போச்சு, மெஷினும் போச்சு. அடுத்து என்னையும் கழட்டி மாட்டிடாதீங்க” என்று அப்போதெல்லாம் மனைவி கிண்டல் செய்வாள்.

மோட்டாரைப் போட்டால் பின்னறையே அதிரும். காற்று மட்டும் எங்கேயோ கசிந்துகொண்டே இருந்தது. சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிற இடமாகப் பார்த்துப் பார்த்து அடைத்தார்.

ஒருநாள் கடைசிக் கசிவும் நின்றது. ரப்பர் ஷீட் மெல்ல எழும்பிக் கண்ணாடியோடு அப்பிக்கொண்டது. மனுஷன் குதிக்காத குறை.

அந்த நேரம் பார்த்து மனைவி கைப்பையோடு அறை வாசலில் வந்து நின்று ஏதோ சொன்னாள். அவளுக்குப் பின்னால் அவள் அக்கா நின்றிருந்தாள். மோட்டார் சத்தத்தில் ஒரு எழுத்துகூட இவர் காதில் விழவில்லை. அக்கா வீட்டுக்குக் கிளம்புகிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டு, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே கத்தினார். “ரொம்ப நல்லது! போயிட்டு வா!”

அவள் கொஞ்சம் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

அதற்கப்புறம் அக்காவோடு அடிக்கடி கிளம்பினாள். கிண்டலும் நின்றுபோனது. அப்பாடா, நிம்மதியாக வேலை செய்யலாம் என்றுதான் இவருக்கு இருந்தது. ரப்பரைச் சுருக்கமில்லாமல் விரிக்க இன்னொரு ஆள் வேண்டும். கூப்பிட்டால் வந்து குனிந்து நீவிவிடுவாள். ஒரு முடி விழும். இவர் தையதக்கா என்று குதிப்பார்.

கிளப்பில் மானம் போன அந்த வாரக் கடைசியில் மறுபடி கூப்பிட்டார். அவள் நெற்றியும் காதும் மறைய, தலையைச் சுற்றி இறுக்கமாகத் துணி கட்டிக்கொண்டு வந்தாள்.

“இப்பத்தான் புத்தி வந்திருக்கு! முதல்லயே இதைச் செஞ்சிருந்தா எனக்கு இந்த அவமானம் வந்திருக்குமா?”

அவள் குனிந்து ரப்பரை நீவினாள். கண்ணாடியை மூடி, மோட்டாரைப் போட்டு, விளக்கைக் காட்டி, மோட்டாரை நிறுத்தினார். காகிதத்தைத் தொட்டித் தண்ணீரில் அலசி எடுத்தார். கோடு இல்லை, புள்ளி இல்லை. ஏரிக்கரைப் புல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

சர்வேயருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவளை ரொம்பத்தான் திட்டிவிட்டோமோ என்று லேசாக ஒரு கூச்சமும் வந்தது. “இங்க பாரு, ஒரு முடி இல்லை! அட, வேலைதான் முடிஞ்சுதே, இந்தப் புழுக்கத்துல இது எதுக்கு?” என்று செல்லமாகத் துணியைப் பிடித்து இழுத்தார்.

துணி கையோடு வந்தது. உள்ளே முடியே இல்லை.

“இனிமே விழாதுங்க” என்றாள் அவள், அவரைச் சமாதானப்படுத்துகிற குரலில். “கேன்சருக்கு மருந்து ஏத்தினா கொட்டும்னு டாக்டர் முன்னாடியே சொன்னாரு. இப்ப மொத்தமா போயிடுச்சு. உங்க படத்துக்கு இனி ஒண்ணும் ஆகாது.”

ஈரப்படம் கை நழுவித் தொட்டியில் விழுந்தது. கிளப்பில் நாலு பேர் சிரித்ததெல்லாம் ஒரு அவமானமா? இந்தத் தலையைப் பார்த்தா அத்தனை பேச்சு பேசினோம்? அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

“இவ்வளவு பெரிய விஷயம்... என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

அவள் நிஜமாகவே ஆச்சரியப்பட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“இதே வாசல்ல நின்னு சொன்னேனேங்க. ‘ரொம்ப நல்லது, போயிட்டு வா’ன்னீங்களே.”