கையை விடாத ஜாம்பிகள்

“அங்க பாருடி. எல்லா ஜாம்பியும் கையத் தொங்கப்போட்டுக்கிட்டுப் போகுது, அந்த ரெண்டு மட்டும் கைகோத்துக்கிட்டுப் போகுது,” என்றாள் அம்மா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். “உசுரோட இருந்தப்ப புருஷன் பொண்டாட்டியோ என்னவோ.”

“இருக்கும்மா.” மாயுமி புளிப்பான சினிகாங் குழம்பைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள்.

மணிலாவில் நடந்த அந்தப் படத்தின் படப்பிடிப்புக்குக் கூட்டத்தோடு கூட்டமாக நடிக்கப் போனவள் அவள். சதை தொங்கும் ஒப்பனைக்குள் யாருக்கும் அடையாளம் தெரியாது என்ற தைரியத்தில்தான், வீட்டுக்குத் தெரியாமல் காதலிக்கும் ரெனியின் கையை முதன்முதலாக நடுத்தெருவில் பிடித்தாள். ‘கட்’ என்ற குரல் கேட்டதும் விட்டுவிட்டாள். அந்தச் சூடு மட்டும் இன்னும் உள்ளங்கையில் இருந்தது.

“செத்தாத்தான் அப்படி நடக்க முடியும் போல,” என்றாள்.

அம்மா அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

“ஜாம்பி வேஷம் போட்டாலும் இடது கால உள்பக்கமாத்தான் வைக்கிற. சின்னப் புள்ளையிலேருந்து சொல்றேன், கேக்கறியா?”

மாயுமி இடது காலை மெதுவாக நேராக வைத்தாள்.

“உன் கையப் புடிச்சிருந்த அந்தப் பொண்ண ஞாயித்துக்கிழமை சாப்பிடக் கூட்டிட்டு வா. மூஞ்சியக் கழுவிட்டு வரச் சொல்லு. நான் பாக்கணும்.”