சத்தம் போடாத வண்டி

"வண்டி நிக்குதா ஓடுதான்னே தெரியக் கூடாது அண்ணாச்சி. அந்த மாதிரி பண்ணித் தரணும்."

பாளை ரோட்டில் வண்டிகளுக்கான எக்ஸ்ட்ரா சாமான்கள் விற்கிற கடை வைத்திருக்கும் சிவபாலன் நிமிர்ந்து பார்த்தார். அவர் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் சத்தம் வாங்கத்தான் வருவார்கள். ஊரையே எழுப்புகிற ஏர் ஹாரன், நெஞ்சு அதிர்கிற ஸ்பீக்கர். சத்தம் வேண்டாம் என்று கேட்டு வந்த முதல் ஆள் இவர்தான்.

பெயர் லிங்கராஜ். நாற்பது வயது இருக்கும். வாசலில் அவருடைய டீசல் பிக்கப் நின்றது.

"என்ன லோடு அடிக்கிய தம்பி?"

"மீனு. மீன்பிடித் துறைமுகத்துல இருந்து மார்க்கெட்டுக்கு."

சிவபாலன் இரண்டு சைலன்சர்களை எடுத்து வைத்தார்.

"இது சாதா. உங்க வண்டியில சொட்டுத உப்புத் தண்ணிக்கு ஒரு வருசம் தாங்காது. இது ஸ்டெயின்லெஸ், சத்தமும் கம்மி. ஆனா விலை கூட."

"கூடுனதே போடுங்க."

பேரமே பேசவில்லை. பானெட்டுக்கு அடியில் ஒட்டுகிற, சத்தத்தை உறிஞ்சும் ஷீட்டிலும் தடிமனானதையே எடுத்தார். பின் டோர் தடதடக்காமல் இருக்க ரப்பர் வைக்கச் சொன்னார்.

"ரிவர்ஸ் எடுத்தா ஒரு பாட்டு பாடுமே, அதுக்குத் தனியா ஒரு சுவிட்ச் குடுங்க. வேண்டாங்கிற இடத்துல அமத்திக்கிடுதேன். பெறவு, பம்பருக்குக் கீழ தரையை மட்டும் காட்டுத மாதிரி சின்னதா ஒரு லைட்டு. தெருவுல ஹெட்லைட் போடாம வெளிய எடுக்கணும்."

ஃபிட்டர் அய்யாக்குட்டி வண்டிக்கு அடியில் படுத்துவிட்டான். சிவபாலனுக்குத்தான் என்னவோ போல இருந்தது. மீன் வண்டிக்கு எதற்கு இத்தனை ரகசியம்?

"எத்தனை மணிக்கு வண்டி எடுப்பிய?"

"மூணு மணிக்கு. விடியதுக்கு முன்ன."

"எந்தத் தெரு?"

லிங்கராஜ் முகம் மாறியது. "அதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி? நான் இங்கன வந்தேன்னு யாருட்டயும் சொல்லாதிய. அது போதும்."

போன மாதம்தான் பக்கத்துத் தெருவில் ஒரு பட்டறைக்காரர், கேட்டவனுக்கெல்லாம் வண்டியில் ரகசியப் பெட்டி வைத்துக் கொடுத்து மாட்டிக்கொண்டார். அந்தப் பட்டறையின் ஷட்டர் இன்னும் திறக்கவில்லை.

"அய்யாக்குட்டி, ஸ்பேனரைக் கீழ வை!"

அய்யாக்குட்டி வெளியே தலையை நீட்டினான்.

"ஏலே, உண்மையைச் சொல்லு," சிவபாலனின் மரியாதை எங்கோ போய்விட்டது. "பீடி இலையா, கடல் அட்டையா? எதைக் கடத்துத? போலீசுக்குப் போன் போடட்டுமா?"

லிங்கராஜ் ஒரு நிமிடம் விழித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அட ஏன் அண்ணாச்சி நீங்க வேற! பக்கத்து வீட்டுல பிள்ளை பிறந்திருக்கு. ஏழு மாசத்துலயே பிறந்துட்டு. ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருந்து, இப்பம்தான் வீட்டுக்குக் கொண்டாந்திருக்காவ. நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணுனாலும், ஹெட்லைட் வெளிச்சம் ஜன்னல்ல பட்டாலும் திடுக்குன்னு முழிச்சு வீறிடுது. விடியுத வரைக்கும் பெத்தவ அதைத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்துக்கிட்டே இருக்கா. எம் பொண்டாட்டி பேச்சிச்செல்விக்கு அந்த அழுகை கேட்டுக்கிட்டே இருக்காம். அவளும் தூங்க மாட்டேங்கா."

"வண்டியைத் தெருமுக்குல நிறுத்தலாமே?"

"நிறுத்துனேன். எவனோ பேட்டரியைக் கழட்டிட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம் தெனமும் முக்கு வரைக்கும் கையால தள்ளிட்டுப் போய்த்தான் ஸ்டார்ட் பண்ணுதேன். இடுப்பு விட்டுப் போச்சு அண்ணாச்சி."

சிவபாலன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரப்பரையும் பசையையும் எடுத்தார். பின் டோரில் ஓரம் விடாமல் அவரே உட்கார்ந்து ஒட்டினார். அய்யாக்குட்டி ஷீட்டை ஒட்டும்போது, "மூலையில இடைவெளி விடாத," என்று இரண்டு தடவை எழுந்து வந்து பார்த்தார்.

சாயங்காலம் லிங்கராஜ் சாவியைத் திருப்பினார். எதிர் டீக்கடையில் நின்றிருந்த ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. சிவபாலன் பானெட்டில் காதை வைத்துக் கேட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி, நான் கேட்டதை மனசுல வச்சுக்காதிய. இத்தனை வருசக் கடையில இன்னைக்குத்தான் உருப்படியா ஒரு வேலை பாத்திருக்கேன். அந்தப் பிள்ளையோட அப்பன் குடுத்து வச்சவரு. இப்படி ஒரு கூட்டாளி பக்கத்து வீட்டுல யாருக்குக் கிடைப்பான்?"

"கூட்டாளியா? வில்பிரட்டா?" லிங்கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "சுவர்த் தகராறுல வருசக்கணக்கா எம் மேல கேஸ் நடத்திக்கிட்டிருக்கான். நாளைக்குக்கூட வாய்தா இருக்கு. இது தெரிஞ்சுதுன்னா, லிங்கராஜ் பயந்துட்டான்னு நெனச்சிருவான். அதான் சொல்லாதியங்கேன்."

"பெறவு எதுக்குய்யா இவ்வளவும்?"

"கேஸு எனக்கும் அவனுக்கும்தான அண்ணாச்சி. அந்தப் பிள்ளை என்ன, வாதியா பிரதிவாதியா?"