கஞ்சாக் கடைக்கு ஒரு கல்யாணம்

"இன்னொரு தடவை என்னைக் கல்யாணம் பண்ணிக்கோ, வெர்னா."

வெர்னா திரும்பவில்லை. கையுறை மாட்டிய விரல்களால் மிஸஸ் கோர்டனின் தலையில், முடியை நேராக்கும் க்ரீமைத் தடவிக்கொண்டிருந்தாள். மறுநாள் ஞாயிறு, சர்ச். பிராங்ஸ் வட்டாரத்தில் சனிக்கிழமை என்றால் எந்த பார்லரிலும் உட்காரக்கூட நேரம் கிடைக்காது. காலையிலிருந்து நின்று நின்று அவள் பாதங்கள் வீங்கி, செருப்பு வார் பதிந்திருந்தது.

கண்ணாடியில் தெரிந்த டெஸ்மண்டைப் பார்த்துச் சொன்னாள்: "ஒரு தடவை பண்ணினதே போதும். தள்ளி நில்லு, ட்ரையரைத் தட்டி விடப் போறே."

"சிரிக்காம கேளு. புதுச் சட்டம் வந்திருக்கு."

புதுச் சட்டம் வெர்னாவுக்கும் தெரியும். தெரு முழுக்க அதே பேச்சுதான். இத்தனை காலம் யார் வைத்திருந்தாலும் பிடித்து உள்ளே போட்ட கஞ்சாவை, இனி கடை திறந்து விற்கலாம் என்று மாநிலமே சொல்லிவிட்டது.

"முதல்ல யாருக்கு லைசென்ஸ்? அந்தக் காலத்துல கஞ்சா வழக்குல தண்டனை வாங்கினவங்களுக்கு. இல்லேன்னா அவங்க புருஷன், பொண்டாட்டி, பிள்ளைங்களுக்கு," என்றான் டெஸ்மண்ட்.

"கர்த்தாவே!" என்றார் மிஸஸ் கோர்டன். "ஜெயிலுக்குப் போனவங்களுக்கா முதல் வரிசை? ஒழுங்காப் படிச்ச என் மகன்தான் ஏமாளியா?"

அவர் போன வருடம்தான் இந்தப் பக்கம் குடிவந்தவர். பழைய கதை எதுவும் தெரியாது. தெரியாவிட்டாலும் வாய் சும்மா இருக்காது.

"தண்டனை மட்டும் போதாது, மிஸஸ் கோர்டன். ஏதாவது ஒரு தொழிலை ரெண்டு வருஷம் லாபத்துல நடத்தியும் காட்டணும்."

"ஓஹோ, அப்படி வா வழிக்கு! இவ பார்லரையும் உன் தண்டனையையும் சேர்த்து முடிச்சுப் போட வந்திருக்கே. கெட்டிக்காரன்டா நீ!"

டெஸ்மண்ட் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டான்.

வெர்னா முடியின் அடுத்த பாகத்தைப் பிரித்துத் தடவினாள். இந்தக் கட்டடத்துக்காரன் வாடகையை ஏற்றிவிட்டான். பார்லர் வருமானத்தில் கட்டுப்படியாகாது. கோடைக்குள் காலி செய்ய வேண்டியதுதான். லைசென்ஸ் கிடைத்தால் இதே இடத்தில் கண்ணாடி அலமாரி போட்டு, கல்லாவில் உட்கார்ந்து வியாபாரம் பண்ணலாம். உட்கார்ந்து! அந்த ஒரு வார்த்தையை நினைத்தாலே அவளுக்குக் கால் வலி குறைகிற மாதிரி இருந்தது.

"எனக்கு இந்தச் சரக்கைப் பத்தித் தெரியும், உனக்குக் கடையை நடத்தத் தெரியும். திங்கள்கிழமை நகர அலுவலகத்துல கையெழுத்துப் போட்டா புருஷன் பொண்டாட்டி," என்றான் டெஸ்மண்ட். "பாதி உனக்கு, பாதி எனக்கு. என்ன சொல்றே?"

"பாதி உனக்கா? பெரிய மனசு."

"கிண்டல் பண்ணாதே. நம்மளைப் பிரிச்சதே அந்த ஜெயில்தான். இல்லாட்டி நாம இன்னைக்கு எப்படி இருந்திருப்போம்!"

மிஸஸ் கோர்டனுக்கு மனம் இளகிவிட்டது. "அடிப்பாவி வெர்னா! ஆள் உள்ள இருக்கும்போதா விவாகரத்து பண்ணினே? ஜெயில்ல கிடக்கறவங்களைக் கைவிடறது மகா பாவம்டி."

"ஆமா," என்றாள் வெர்னா. "பாவம்தான்."

"வெளிய வந்தப்புறம் மட்டும் என்ன வாழ்க்கை? எவன் வேலை கொடுப்பான்?" என்றார் மிஸஸ் கோர்டன்.

"வேலை கேட்டு எங்க போனாலும் அதே கேள்விதான், மிஸஸ் கோர்டன்," என்றான் டெஸ்மண்ட், குரலைத் தாழ்த்தி. "'தண்டனை உண்டா?' உண்டுன்னு சொன்ன அடுத்த நிமிஷம் அவங்க முகம் மாறும் பாருங்க, அதை மறக்கவே முடியாது."

வெர்னாவின் கை அப்படியே நின்றது. பிறகு மறுபடி தடவியது.

"கேட்டியா? கல்லு கூடக் கரைஞ்சிரும். சரின்னு சொல்லேன்டி!" என்றவர், தோளைக் குலுக்கினார். "ஐயோ, தலை எரிய ஆரம்பிச்சிருச்சு!"

"எழுந்திருங்க, கழுவிடலாம்."

வெர்னா அவரைத் தொட்டிக்குக் கூட்டிப்போய்த் தலையைச் சாய்த்து வைத்தாள். டெஸ்மண்டும் பின்னாலேயே வந்தான்.

"பதில் சொல்லு, வெர்னா. கடைசித் தேதி நெருங்குது. அப்புறம் ரெண்டு பேருக்கும் இல்லாமப் போயிடும்."

"நான் விண்ணப்பம் போட்டாச்சு."

"போட்டாச்சா? எப்போ?"

"நேத்து. என் பேர்ல. தனியா."

டெஸ்மண்ட் சுவரில் சாய்ந்துகொண்டான். தொட்டிக்குள்ளிருந்து மிஸஸ் கோர்டன்தான் தலையைத் தூக்கப் பார்த்தார்.

"தனியாவா? இது அநியாயம்டி! பட்டது அவன், பலன் உனக்கா? இப்படி இருந்தா ஆம்பளை எவன் பொம்பளையை நம்புவான்? நீயே சொல்லு தம்பி, உள்ள எத்தனை வருஷம் இருந்தே?"

டெஸ்மண்ட் வாசல் பக்கம் திரும்பினான்.

"அவனைக் கேக்காதீங்க, அவனுக்குத் தெரியாது," என்றாள் வெர்னா, தண்ணீரின் சூட்டைப் புறங்கையில் பார்த்தபடி. "வீட்டுல போலீஸ் எடுத்த கஞ்சாப் பை அவனோடது. அவனுக்கு பஸ் டிரைவர் வேலை கிடைச்ச வாரமாச்சேன்னு, 'என்னோடது'ன்னு சொல்லிட்டு உள்ள போனவ நான். மூணு வருஷம் இருந்தேன், மிஸஸ் கோர்டன். ஜெயிலுக்கு ரயில்ல ஒரு மணி நேரம்தான். ஒரு தடவைகூட அவன் என்னைப் பார்க்க வரலை."